சொந்த மலைச் செடியை ஆராய உதவித்தொகை: மூணாறு, மறையூர், வட்டவடைப் பிள்ளைகளுக்கு முழுமையான வழிகாட்டி

போன மழைக்காலத்தில் வட்டவடையிலிருந்து ஒரு பிள்ளை என்னைத் தேடி வந்தாள். உடுமலைப் பக்கம் தாவரவியல் முதுநிலை படிக்கிறாள். கையில் நான்கு பக்க விண்ணப்பம். தலைப்பு: "நீலக்குறிஞ்சியைப் பாதுகாப்பது எப்படி". படித்துவிட்டு, "உங்க வீட்டுக்குப் பின்னால என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"கிராண்டிஸ் யூகலிப்டஸ் தோட்டம் இருந்துச்சுக்கா. ரெண்டு வருசம் முன்னாடி வெட்டிட்டாங்க."

"வெட்டின இடத்துல இப்ப என்ன முளைக்குது?"

அதற்கு அவளிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியையே தலைப்பாக்கினோம்: கிராண்டிஸ் வெட்டிய சரிவிலும் வெட்டாத சரிவிலும் மழைக்குப் பின் எந்தெந்த நாட்டுச் செடிகள், எத்தனை முளைக்கின்றன? "ரொம்பச் சின்னக் கேள்வியா இருக்கேக்கா" என்று தயங்கினாள். "சின்னதா இருந்தாத்தான் கண்ணு ஒரு வருசத்துல முடிக்க முடியும். பணம் குடுக்கறவங்களும் அதத்தான் பாப்பாங்க" என்றேன்.

நான் மூணாறு எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். அம்மா தேயிலைக் கொழுந்து பறித்தார். உதவித்தொகை இல்லாவிட்டால் நான் பள்ளியோடு நின்றிருப்பேன். தேவிகுளம், பீர்மேடு, சின்னாறு பக்கத்துப் பிள்ளைகள் பலரிடம் மதிப்பெண்ணும் இருக்கிறது, செடியைப் பற்றிய அறிவும் இருக்கிறது. ஆனாலும் தொகை கைக்கு வருவதில்லை. நான் பார்த்தவரை காரணம் இரண்டுதான்: எந்த மாநிலத்துப் பிள்ளை என்பதைக் காட்டும் காகிதங்கள் சரியாக இல்லை, கேள்வி பெரிதாக, பொதுவாக இருக்கிறது. அதனால் தொகைகளின் பட்டியலுக்குப் போகும் முன் காகிதத்திலிருந்து தொடங்குகிறேன்.

முதல் படி: நீங்கள் எந்த மாநிலத்துப் பிள்ளை?

எல்லைப் பிள்ளைகளின் கதை எப்போதும் இங்கேதான் சிக்கும். மூணாறு பள்ளியில் தமிழ் வழியில் படித்து, சின்னாறு வழியாக உடுமலைக்கோ போடிமெட்டு இறங்கித் தேனிப் பக்கமோ கல்லூரிக்குப் போகிறோம். தமிழ்நாட்டில் படிக்கிறோம், தமிழ் பேசுகிறோம், எனவே அந்த மாநிலத் திட்டமெல்லாம் நமக்கும் உண்டு என்று நினைத்துவிடுகிறோம். அப்படி இல்லை. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு 6 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருக்க வேண்டும். கேரளப் பள்ளியில் படித்தவருக்கு அது கிடைக்காது.

மறுபக்கம், கேரள மாநில உயர்கல்வி கவுன்சில் ஒரு நல்ல தொகை தருகிறது: இளநிலையில் முதலாம் ஆண்டு 12,000, இரண்டாம் ஆண்டு 18,000, மூன்றாம் ஆண்டு 24,000 ரூபாய்; முதுநிலையில் 40,000, பிறகு 60,000. ஆனால் அது கேரளத்து அரசு, உதவிபெறும் கல்லூரிகளில் படிப்பவர்களுக்கு. மலையிறங்கித் தமிழ்நாட்டுக் கல்லூரியில் சேர்ந்தால் இதை விடவேண்டும். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பஸ் தூரத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

அடுத்தது சாதிச் சான்றிதழ். இது நம் லயங்களில் பல குடும்பங்களுக்குத் தீராத வலி. பட்டியல் சாதி, பழங்குடிப் பட்டியல்கள் மாநிலவாரியானவை. 1950-க்குப் பிறகு கேரளத்துக்கு வந்த குடும்பத்துக்குக் கேரளத்தில் அந்தச் சலுகை கிடைப்பதில்லை. அதற்கு முன்பே வந்த குடும்பம் என்றால் அதை நிரூபிக்கத் தாள் வேண்டும். தாத்தா பாட்டியின் எஸ்டேட் வேலைப் பதிவு, பழைய பள்ளிச் சேர்க்கைப் பதிவு என்று எது கிடைத்தாலும் பத்திரப்படுத்துங்கள். பிந்தி வந்த குடும்பம் என்றால் மனம் தளர வேண்டாம். பூர்வீக மாநிலத்தில் வாங்கிய சான்றிதழ் மத்திய அரசின் திட்டங்களுக்குச் செல்லும். அப்படியானால் மாநிலத் திட்டங்களில் நேரத்தைச் செலவழிக்காமல் மத்தியத் திட்டங்களில் கவனத்தை வையுங்கள். பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழுக்கு மத்திய அரசின் படிவம் தனி. மாநிலப் படிவத்தைக் கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் எல்லாம் கேரளத்தில் வில்லேஜ் ஆபீஸ், தாலுகா ஆபீஸ் வழியாக வரும். அக்ஷயா மையத்தில் விண்ணப்பிக்கலாம். மலையாளம் எழுத வராது என்று பின்வாங்க வேண்டாம். 1969-ம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுடன் தமிழிலேயே எழுத்துத் தொடர்பு வைத்துக்கொள்ள உரிமை தருகிறது.

பெயரையும் இனிஷியலையும் இப்போதே சரிபாருங்கள். என் முதல் தொகை ஒன்பது மாதம் நின்றுபோனது. மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் முன்னால் இருந்தது. ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால் இருந்தது. வங்கிக் கணக்கில் இனிஷியலே இல்லை. பணம் ஒதுக்கியாயிற்று என்று கணினி சொல்லும், கணக்கில் ஏறாது. கல்லூரி அலுவலகம் வங்கியைக் கைகாட்டும், வங்கி கல்லூரியைக் கைகாட்டும். அந்த ஒன்பது மாதமும் விடுதிக் கட்டணத்தை அம்மாவின் சம்பள முன்பணத்தில் கட்டினோம். மூன்று இடத்திலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கட்டும். கணக்கு ஆதாரோடு நேரடிப் பணப்பரிமாற்றத்துக்கு இணைந்திருக்கிறதா என்று வங்கியில் நேரில் கேளுங்கள். ஆதார் எண்ணைக் கொடுத்துவைத்தால் மட்டும் போதாது.

இரண்டாம் படி: பிளஸ் டூ முடித்தவருக்கும் இளநிலையில் இருப்பவருக்கும்

செடியை ஆராய விரும்பும் பிள்ளைக்கு இந்தக் கட்டத்தில் மிகப் பெரிய தொகை, மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் உயர்கல்வி உதவித்தொகை. ஆண்டுக்கு 80,000 ரூபாய். அதில் 60,000 நேரடியாகக் கைக்கு வரும். 20,000 கோடைகால ஆய்வுப் பயிற்சிக்கு. தம் பள்ளி வாரியத்தில் முதல் 1 சதவீதத்துக்குள் வந்து, அடிப்படை அறிவியல் படிப்பில் சேர்ந்திருக்க வேண்டும். தாவரவியல் அதில் வரும், வேளாண்மைப் பட்டம் வராது. "தாவரவியல் படிச்சா சோறு போடுமா" என்று வீட்டில் கேட்டால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

அந்த அளவு மதிப்பெண் இல்லாதவருக்கு மத்தியத் துறை உதவித்தொகை இருக்கிறது. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வாரியத்தில் மேல் 20 சதவீதத்துக்குள் இருந்து, குடும்ப ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால் இளநிலையில் ஆண்டுக்கு 12,000, முதுநிலையில் 20,000 ரூபாய். அந்தத் தளத்தில் முதலில் ஒருமுறைப் பதிவு எண் வாங்க வேண்டும். கடைசி வாரத்தில் தளம் திணறும், அதனால் திறந்த முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். கேரளப் பள்ளியில் நல்ல மதிப்பெண்ணோடு அறிவியல் முடித்தவர்கள் கேரள மாநில அறிவியல் தொழில்நுட்பச் சுற்றுச்சூழல் கவுன்சிலின் 'பிரதிபா' தொகையையும் பாருங்கள். ஒன்றுக்கு மேல் கிடைத்தால் எதை வைத்துக்கொள்ளலாம் என்று அறிவிப்பை வாசித்துவிட்டு முடிவு செய்யுங்கள். மறைத்து இரண்டையும் வாங்கினால் பிறகு திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

மூன்றாம் படி: முதல் சிறிய ஆய்வு

தொகை சிறியதாக இருந்தாலும் பிற்காலத்தில் மிகவும் உதவுவது இந்தப் படிதான். ஏற்கனவே ஒரு வேலையைச் செய்து முடித்தவரையே தேர்வுக் குழுக்கள் நம்பும்.

இந்திய அறிவியல் கழகங்கள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வுத் திட்டத்தில் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் கீழ் வேலை செய்யலாம். தொகையும் ரயில் கட்டணமும் தருவார்கள். தமிழ்நாட்டுக் கல்லூரியில் இறுதியாண்டு படிப்பவருக்குத் தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் ஆய்வுத் திட்டம் உண்டு. கேரளக் கல்லூரியில் படிப்பவருக்கு அம்மாநிலக் கவுன்சிலின் மாணவர் ஆய்வுத் திட்டம். இரண்டுக்கும் கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும்; உங்கள் துறைத் தலைவரிடம் ஜூலையிலேயே சொல்லிவையுங்கள்.

எந்த இடத்தில் கற்றுக்கொள்வது? பாலோட்டில் இருக்கும் ஜவாஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா, திருச்சூர் பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம், கோயம்புத்தூரில் இந்தியத் தாவர ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையம், அதே ஊரில் வன மரபியல் நிறுவனம். கோயம்புத்தூர் மையத்தில் உள்ள மெட்ராஸ் ஹெர்பேரியம், அதாவது உலர்த்தி ஒட்டிய செடிகளின் தொகுப்பு, நமக்கு மிக அருகில் உள்ள பொக்கிஷம். நம் மலையில் பறித்த பழைய தாள்களை அங்கே கையால் தொட்டுப் பார்க்கலாம். நான் முதல்முறை போனபோது, சிறுவயதில் விறகு பொறுக்கிய சோலையின் பெயரை ஒரு பழுப்பேறிய லேபிளில் பார்த்தேன். எந்தச் செடியை எடுத்துக்கொள்வது என்ற குழப்பம் அன்றோடு தீர்ந்தது.

மாதிரித் தாள் செய்யும் முறையைக் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். பூவோ காயோ உள்ள கிளையைச் செய்தித்தாளுக்கு நடுவில் விரித்து, ஒரு இலையையாவது பின்புறம் தெரியும்படி திருப்பி வைத்து அழுத்த வேண்டும். நம் மலை ஈரத்தில் காகிதத்தை ஒரு நாளைக்கு இரண்டு முறை மாற்றாவிட்டால் மூன்றாம் நாள் பூஞ்சணம் பூத்துவிடும். லயத்தில் அடுப்புக்கு மேல் தொங்கும் பரணில் வைத்துத்தான் நான் காயவைத்தேன். காய்ந்ததும் 42-க்கு 28 செ.மீ. அட்டையில் ஒட்டி, இடம், உயரம், தேதி, உள்ளூர்ப் பெயர், பூவின் நிறம் எழுதவேண்டும். நிறம் காய்ந்தால் போய்விடும், எனவே பறித்த இடத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். முதுவான் பழங்குடி மக்களிடம் கேட்ட பெயராக இருந்தால் எந்த ஊரில் கேட்டது என்பதையும் எழுதுங்கள்.

நான்காம் படி: கேள்வியை எழுதுவது

வட்டவடைப் பிள்ளையின் விண்ணப்பத்தை மூன்று மாலை உட்கார்ந்து திருத்தினோம். முதல் மாலை முழுக்க வெட்டுவதிலேயே போனது. "பாதுகாப்பு", "விழிப்புணர்வு", "நிலைத்த வளர்ச்சி" எல்லாவற்றையும் எடுத்தோம். மிஞ்சியது ஒரு பக்கம். அந்தப் பக்கத்தில் இருந்தவை: வெட்டிய சரிவு ஒன்று, வெட்டாத சரிவு ஒன்று, ஒவ்வொன்றிலும் நான்கு குச்சி, ஒரு கயிறு கட்டிய ஒரு மீட்டர் சதுரங்கள் இருபது, மழைக்கு முன்பும் பின்பும் எண்ணுவது, எண்ணும் செடிகளில் நாட்டுச் செடி எது, வந்தேறிச் செடி எது என்று பிரிப்பது.

இப்படிப்பட்ட கேள்விகள் நம்மைச் சுற்றிக் குவிந்து கிடக்கின்றன. சின்னாறு மழைமறைவுக் காட்டில் உண்ணிச்செடி படர்ந்த இடத்தில் எந்த மரக்கன்று தப்புகிறது? மறையூரில் இயற்கையாக வளரும் சந்தனத்தின் நாற்றுகள் எந்தெந்த மரத்தின் வேரை உறிஞ்சி வாழ்கின்றன? சோலையோர நீரோடையில் காசித்தும்பை இனங்கள் எந்த மாதம் பூக்கின்றன, அங்கே தடுப்பணை கட்டினால் என்ன ஆகிறது? எஸ்டேட்டுக்குள் வெட்டாமல் விட்ட துண்டுச் சோலையில் என்ன மிச்சமிருக்கிறது?

நீலக்குறிஞ்சியை எடுக்க விரும்புவோருக்கு ஒரு காலக்கணக்கு. 2006-லும் 2018-லும் இரவிகுளத்தில் பெரிய பூப்பு, அடுத்தது 2030. ஒருமுறை பூத்து, விதைத்து, செடி மடிந்துவிடும். இன்று இளநிலையில் இருப்பவர் அப்போது முனைவர் பட்ட ஆய்வில் இருப்பார். பூப்பதற்கு முன் செடியின் அடர்த்தி எவ்வளவு என்ற பதிவு இப்போதே வேண்டும்; பூத்த பிறகு அதைத் திரும்ப எடுக்க முடியாது. சாந்தன்பாறைக் கள்ளிப்பாறையில் 2022-ல் பூத்தது போல இடத்துக்கு இடம் ஆண்டு மாறும், அதுவே ஒரு நல்ல கேள்வி. 2024-ல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இது அழிவாய்ப்புள்ள இனமாகச் சேர்ந்துவிட்டது. விண்ணப்பத்தின் முதல் பத்தியில் இந்த ஒரு வரி போதும்.

செலவுப் பட்டியலில் உண்மையைப் போடுங்கள்: ஜீப் வாடகை, அட்டைக்கடிக்குக் காலுறை, காகிதம், உடன் வரும் வழிகாட்டிக்கு நாள்கூலி. வழிகாட்டியாக வரும் முதுவான் அண்ணனுக்கு அந்தக் காட்டில் கிடைக்கக்கூடிய முழுக் கூலியையும் எழுதுங்கள். அவர் காட்டும் செடியை வைத்துத்தான் நமக்குப் பட்டம் வருகிறது.

ஐந்தாம் படி: முனைவர் பட்டத்துக்கு

இங்கே பிரதான வாசல் சி.எஸ்.ஐ.ஆர். - யு.ஜி.சி. நெட் தேர்வு, உயிர் அறிவியல் பாடம். இளநிலை ஆய்வு உதவித்தொகை (ஜே.ஆர்.எஃப்.) கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு மூத்த ஆய்வாளராக 42,000. விடுதி இல்லையென்றால் வீட்டு வாடகைப்படியும் உண்டு. ஆண்டுக்கு 20,000 சில்லறைச் செலவுக்கு. இந்தத் தேர்வில் மூலக்கூறு உயிரியல் நிறைய வரும். வயல்வேலையில் ஊறியவர்கள் அதைக் கண்டு பயப்படுகிறார்கள். சூழலியல், பரிணாமம், வகைப்பாடு ஆகியவற்றை முழுமையாகப் படித்து, மற்றதில் பாதியைத் தேர்ந்தெடுத்துப் படித்தாலும் தேறலாம். கேட் (GATE) தேர்வில் சூழலியலும் பரிணாமமும் தனித்தாளாகவே இருக்கிறது. காட்டில் வேலை செய்தவருக்கு அது இயல்பாக வரும்.

பழங்குடி மாணவர்களுக்குப் பழங்குடி நல அமைச்சகத்தின் தேசிய ஆய்வு உதவித்தொகை ஆண்டுக்கு 750 பேருக்கு. முதுவான், மன்னான், பளியர் குடிகளில் முதுநிலை முடித்த ஒருவர் இருந்தாலும் அவரிடம் இதைக் கொண்டுபோய்ச் சேருங்கள். பட்டியல் சாதியினருக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் தனித்தனித் தேசியத் தொகைகள் உண்டு. முதுநிலையில் பல்கலைக்கழக முதலிடம் பெற்றவருக்கு இன்ஸ்பயர் ஆய்வு உதவித்தொகை. வீட்டில் ஒரே பெண் குழந்தை என்றால் யு.ஜி.சி.யின் சாவித்ரிபாய் ஜோதிராவ் பூலே தொகை.

எந்தத் தேர்வும் தேறாவிட்டால் கதவு மூடிவிடவில்லை. மேலே சொன்ன நிறுவனங்கள் தம் திட்டங்களுக்கு ஆய்வாளர்களை எடுத்துக்கொண்டே இருக்கும், நேர்காணல் மட்டும்தான். ஒரு திட்டத்தில் இரண்டு ஆண்டு வேலை செய்து, அந்தத் தரவிலேயே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவர்கள் நிறைய உண்டு.

தலச்சேரியில் 1897-ல் பிறந்த தாவரவியலாளர் ஜானகி அம்மாள் சென்னையில் படித்து, ஆசியப் பெண்களுக்கான பார்பர் உதவித்தொகையில் மிச்சிகன் பல்கலைக்கழகம் போய் 1931-ல் முனைவரானார். பிறகு கோயம்புத்தூர்க் கரும்பு இனவிருத்தி நிலையத்தில் வேலை செய்தார். முதிய வயதில் சைலன்ட் வேலிக் காட்டைக் காக்கக் குரல் கொடுத்தார். நேர்காணலில் "பெண் பிள்ளை காட்டுக்குள் தனியாகப் போக முடியுமா" என்று என்னிடமும் கேட்டார்கள். அவர் பெயரைச் சொன்னேன், அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

வெளிநாட்டு நிதி

கூகுளில் நாட்டுச் செடி ஆய்வு உதவித்தொகை என்று தேடினால் அமெரிக்கத் தாவரச் சங்கங்கள்தான் வரிசையாக வரும். கலிஃபோர்னியா நேட்டிவ் பிளான்ட் சொசைட்டி போன்றவை தம் மாநிலச் செடிகளை ஆராய்பவர்களுக்குத் தருகின்றன. அவற்றுக்கு எழுதி நாளை வீணாக்காதீர்கள். நமக்குப் பொருந்துவது பிரிட்டனின் ரஃபோர்ட் அறக்கட்டளை. இளம் ஆய்வாளருக்குச் சில ஆயிரம் பவுண்டு தரும். மூன்று பேரின் பரிந்துரை வேண்டும். கல்லூரிக் கட்டணத்துக்குத் தராது, களத்தில் பாதுகாப்புக்குப் பயன்படும் வேலைக்குத் தரும். அழியும் நிலையில் உள்ள ஒரே ஓர் இனத்தை மையமாக வைத்தால் முகம்மது பின் சயீத் இனப் பாதுகாப்பு நிதியையும் பாருங்கள். தாவரங்களுக்கும் அது தருகிறது. வெளிநாட்டுப் பணத்தை உங்கள் பெயரில் வாங்கும் முன் கல்லூரியின் கணக்குப் பிரிவில் கேளுங்கள், சட்ட நடைமுறை இருக்கிறது.

ஆறாம் படி: அனுமதி

தொகை வந்த பிறகு அனுமதிக்கு அலைந்தால் ஒரு பருவமழையே கைவிட்டுப் போகும். விண்ணப்பம் எழுதும் மாதத்திலேயே அனுமதிக்கும் எழுதுங்கள். இரவிகுளம், சின்னாறு, பாம்பாடும் சோலை, ஆனைமுடிச் சோலை, மதிகெட்டான் சோலை, 2006-ல் அறிவிக்கப்பட்ட குறிஞ்சிமலைச் சரணாலயம் ஆகிய எல்லாம் மூணாறு வனவிலங்குப் பிரிவின் கீழ். ஆய்வு அனுமதியைத் தலைமை வனவிலங்குக் காப்பாளர் தருவார். எல்லை தாண்டி ஆனைமலையிலோ கொடைக்கானல் சரணாலயத்திலோ ஒரு சதுரம் போட்டாலும் தமிழ்நாட்டிடம் தனி அனுமதி வேண்டும். எஸ்டேட் சோலைக்கு நிர்வாகத்தின் கடிதம் வேண்டும்.

நீலக்குறிஞ்சி வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் உள்ள செடி. ஆய்வுக்கென்றாலும் அனுமதி இல்லாமல் ஒரு கிளை பறிக்கக் கூடாது. எண்ணுவதற்கும் படம் எடுப்பதற்கும் எழுதிய அனுமதி பறிப்பதற்குச் செல்லாது. எத்தனை மாதிரி, எந்தப் பாகம் என்று மனுவிலேயே தெளிவாகக் கேளுங்கள். விதையோ இலையோ வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவதாக இருந்தால் சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதல் தனியாக வேண்டும்.

தொகை வந்த பின்

ஒவ்வொரு ரசீதையும் அன்றே படமெடுத்து வையுங்கள். மலையில் ஜீப்காரர் ரசீது தரமாட்டார். ஒரு சிறு நோட்டில் தேதி, தூரம், தொகை எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள், கணக்குக் கேட்கும்போது அதை ஏற்றுக்கொள்வார்களா என்று கல்லூரியில் முன்பே கேட்டுவிடுங்கள். ஆண்டுதோறும் புதுப்பிக்க மதிப்பெண்ணும் பயன்பாட்டுச் சான்றிதழும் கேட்பார்கள். தேதி தவறினால் அந்த ஆண்டுத் தொகை போய்விடும். மாதிரித் தாளில் ஒரு பிரதியைக் கோயம்புத்தூர் ஹெர்பேரியத்திலோ பாலோட்டிலோ ஒப்படைத்து எண் வாங்குங்கள். பட்டியலின் தமிழ்ப் பிரதி ஒன்றைப் பஞ்சாயத்தின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவிடம் கொடுங்கள். மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் அது சேரும்.

வட்டவடைப் பிள்ளை போன மாதம் படம் அனுப்பினாள். கயிறு கட்டிய சதுரம், நடுவில் கட்டைவிரல் உயரத்தில் இரண்டு நாற்று, பக்கத்தில் அளவுகோல். "இது குறிஞ்சியாக்கா, இல்ல வேற இனமா?" என்று கேட்டிருந்தாள். இலையின் பின்புறத்தைத் திருப்பி இன்னொரு படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.